வீட்டிலிருந்து குழந்தை உளவியல் படிக்க: கோலாலம்பூரில் முதல்முறை சேருவோருக்கு

செந்தூலில் நான் வேலை செய்யும் தாஸ்காவுக்கு (குழந்தைப் பராமரிப்பு மையத்துக்கு) பிள்ளையைக் கொண்டு வந்து விடும் அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “டீச்சர், நீங்க வீட்டுலேர்ந்தே குழந்தை உளவியல் படிச்சீங்களாமே, எங்க சேரணும்? எவ்ளோ ஆகும்?” ஒரு கையில் பிள்ளையின் பை, மறு கையில் கார்ச் சாவி என்று வாசலில் நிற்பவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கே சேருவது என்பதைப் பற்றி நிறையவே சொல்லப் போகிறேன். ஆனால் என் அனுபவத்தில் படிப்பு கைக்கு வந்தது நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காரத் தொடங்கிய பிறகுதான். கீழே அந்தப் பகுதி நீளமாக இருக்கும். அவசரமாக வாசிப்பவர்கள் மற்றதைத் தாண்டினாலும் அதைத் தாண்ட வேண்டாம்.

1. எதற்குப் படிக்கிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில், ஒரே வரியில். இந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான் நீங்கள் கட்ட வேண்டிய பணம் பூஜ்யமா, பல ஆயிரமா என்பது.

சொந்தப் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ புரிந்துகொள்ளத்தான் என்றால் உங்களுக்குச் சான்றிதழே தேவையில்லை. இலவசப் பாடங்கள் போதும்.

தாஸ்காவிலோ பாலர் பள்ளியிலோ வேலை என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் தாஸ்கா 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், சமூக நல இலாகாவில் பதிவாகும். நான்கு முதல் ஆறு வயது வரையிலான பாலர் பள்ளி 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், கல்வி அமைச்சிடம் போகும். இரண்டு இடத்திலும் வேலைக்கு எடுப்பவர்கள் தேடுவது ஆரம்பக் குழந்தைக் கல்வி டிப்ளோமா. “குழந்தை உளவியல்” என்று மட்டும் போட்ட சான்றிதழ் அதற்கு மேல் ஒரு கூடுதல் பலம். அதற்குப் பதிலாக நிற்காது.

மூன்றாவதாக, குழந்தை உளவியல் நிபுணர் ஆக ஆசைப்படுபவர்கள். இவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: வீட்டிலிருந்து படிக்கும் எந்தக் குறுகியகாலப் பாடமும் அங்கே கொண்டு போய்ச் சேர்க்காது. மருத்துவ உளவியலாளர் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் சுகாதாரத் தொழில். அதற்கு உளவியலில் இளங்கலை, பிறகு மருத்துவ உளவியலில் முதுகலை, அதற்குள் மேற்பார்வையோடு நேரடிப் பயிற்சி எல்லாம் வேண்டும். மலேசிய தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மில் அந்த முதுகலை இருக்கிறது. அதேபோல, பதிவு பெறாமல் தன்னைக் கவுன்சலர் என்று போட்டுக்கொள்வதை 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆறு வாரப் பாடம் முடித்த கையோடு முகநூலில் “குழந்தை ஆலோசகர்” என்று பலகை மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அவர்களை நம்பிப் போகிற அம்மா, டாக்டரிடம் போக வேண்டிய மாதங்களை அங்கே கழித்துவிடுவார்.

2. சான்றிதழை உரசிப் பாருங்கள்

நகைக்கடையில் உரசிப் பார்க்காமல் வாங்குவோமா? நான் வாங்கினேன். இணையத்தில் வந்த விளம்பரத்தில் “டிப்ளோமா” என்று பெரிய எழுத்தில் இருந்தது. 1,200 ரிங்கிட் விலையை அடித்துவிட்டு, இன்றே சேர்ந்தால் 380 என்று போட்டிருந்தார்கள். கீழே கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்தேன். பதினோரு பாடம், ஒவ்வொன்றின் முடிவிலும் சரியா தவறா என்ற கேள்விகள், ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை. மூன்றே வாரத்தில் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அதை அச்சடித்து, கண்ணாடி உறையில் போட்டு, ஒரு கல்லூரிப் பதிவு மேசையில் நீட்டினேன். அங்கிருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த லெவல்?” என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை.

இப்போது புரியும். மலேசியாவில் எம்கியூஏ என்கிற தகுதி அமைப்பு எல்லாப் படிப்புகளையும் எட்டு நிலையாக வகுத்திருக்கிறது. சான்றிதழ் 3, டிப்ளோமா 4, இளங்கலை 6, முதுகலை 7, முனைவர் பட்டம் 8. இங்கே டிப்ளோமா என்ற சொல்லுக்கு ஓர் உயரம் உண்டு. இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே டிப்ளோமா என்பது படிப்பு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் சொல். நிலை எண் தனியாக வரும். வீட்டிலிருந்து படிக்கும் பிரிட்டிஷ் பாடங்களில் “லெவல் 3 டிப்ளோமா” என்று நிறையப் பார்ப்பீர்கள். அங்கே லெவல் 3 என்பது ஏ-லெவல் தரம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளிப் படிப்பு. நம் ஊர் டிப்ளோமாவுக்குச் சமமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலை எண்ணே இல்லாமல் வெறும் “டிப்ளோமா” என்றிருந்தால், நான் வாங்கியதைப் போன்ற ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். “சிபிடி அங்கீகாரம்” என்பதும் அப்படித்தான். ஏற்கெனவே ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்கள் அறிவைப் புதுப்பித்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிடுவது அது. கல்வித் தகுதி ஆகாது.

சரிபார்ப்பது சுலபம். உள்ளூர்ப் படிப்பு என்றால் எம்கியூஏ இணையத்தளத்தில் எம்கியூஆர் என்ற பதிவேடு இருக்கிறது. கல்லூரியின் பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர், எழுத்துக்கு எழுத்து, அங்கே இருக்க வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்துப் படிப்புக்கு இருக்காது. இங்கிலாந்துப் படிப்பு என்றால் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவாலின் பதிவேட்டில் தேடலாம்.

பணம் கட்டுவதற்கு முன் இவற்றை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: சான்றிதழை வழங்குவது யார், எந்த நிலை, என் பயிற்சிக் கட்டுரையை ஒரு மனிதர் படித்துக் கருத்து எழுதுவாரா, சந்தேகம் கேட்டால் எத்தனை நாளில் பதில் வரும், எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், தாமதமானால் மறுபடி பணமா, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் அங்கே சேரமாட்டேன். பிள்ளையைப் பற்றி நாம் எழுதுவதை இன்னொருவர் படித்து, “இது நீங்கள் பார்த்ததா, நினைத்துக்கொண்டதா?” என்று கேட்பதில்தான் இந்தப் படிப்பின் பாதி இருக்கிறது.

3. நான்கு வாரம் இலவசமாகப் படித்துப் பாருங்கள்

1969-இல் தொடங்கிய பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் ஓப்பன்லேர்ன் என்ற தளத்தில் குழந்தைப் பருவம் பற்றிய பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கஸ்டின் நடத்தும் பெற்றோருக்கான பாடம் இருக்கிறது. பிள்ளையின் நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று பார்க்கக் கற்றுத்தரும். வாரம் ஐந்து மணி நேரம், நான்கு வாரம். அதைத் தாக்குப்பிடித்தால் பணம் கட்டுங்கள். இரண்டாம் வாரமே விட்டுப்போனால், இப்போது உங்கள் வீட்டு நிலவரம் இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

4. பணம்

அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி என்றால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்கலாம். அந்தக் கணக்குப் பிரிவு 2024 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடனும் அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான். ஆக, மேலே சொன்ன பதிவேட்டில் தேடும் வேலை பண விஷயத்துக்கும் அவசியம். குறுகியகாலப் பாடத்துக்குக் கடன் அட்டையில் தவணை போட வேண்டாம் என்பது என் கருத்து.

5. நேரமும் இடமும்

இதில் எனக்குப் பெரிய யோசனை எதுவும் இல்லை. எங்கள் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசைதான் எல்லாவற்றுக்கும். இரவு பத்து மணிக்குப் படிக்க உட்கார்ந்து தூங்கிப் போனதால், விடியற்காலை ஐந்துக்கு மாற்றினேன். சனிக்கிழமைகளில் ஜாலான் துன் ராசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போவேன். வீட்டில் உள்ளவர்களிடம் “சனிக்கிழமை காலை நான் இருக்க மாட்டேன்” என்று ஒருமுறை உறுதியாகச் சொல்லிவிட்டால், மூன்றாவது வாரத்தில் அவர்களே சமைத்துக்கொள்வார்கள்.

6. பாடம் ஆங்கிலத்தில், பிள்ளை தமிழில்

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். முதல் மாதம் கடினமாக இருக்கும், பிறகு ஒரே ஐம்பது அறுபது சொல்தான் திரும்பத் திரும்ப வரும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் உங்களுக்கென்று ஓர் அகராதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டாச்மென்ட் என்று வந்தால் பற்றுறவு: பிள்ளை தன்னை வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்ளும் நெருக்கம். ஸ்காஃபோல்டிங் என்பதற்கு, கட்டடம் எழும்பும்வரை மூங்கிலால் சாரம் கட்டி, பிறகு அவிழ்த்துவிடுகிறார்களே, அந்தச் சாரம். பிள்ளை தனியாகச் செய்ய முடியாததைக் கூட இருந்து செய்ய வைத்து, மெல்ல மெல்லக் கையை எடுப்பது. லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்ன கருத்தின் மேல் பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் அது. சாரம் என்று எழுதிய அன்றுதான் எனக்கு அது புரிந்தது.

வளர்ச்சிப் படிகளை மனப்பாடம் செய்யத் திணறுபவர்களுக்கு இன்னொன்று. நம் பிள்ளைத்தமிழில் பருவங்கள் உண்டல்லவா? பாட்டியல் என்ற இலக்கண நூல்களின் மரபு மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி, இரண்டிரண்டு மாதமாக ஏற்றிக்கொண்டே போகிறது. ஐந்தில் செங்கீரை: பிள்ளை ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, கை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. ஒன்பதில் சப்பாணி, கை கொட்டுவது. பதின்மூன்றில் வாரானை, தளர்நடை போட்டு வருவது. இது கவிதை மரபு, அளவுகோலாக வைத்துப் பிள்ளையை மதிப்பிடக் கூடாது. ஆனாலும் ஒன்பது மாதத்தில் கை கொட்டுவதும் ஒரு வயதையொட்டி நடப்பதும் இன்றைய மருத்துவ அட்டவணையோடு எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள். நம் ஆட்கள் பிள்ளைகளை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் தரும் குழந்தை சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வளர்ச்சிப் படிகள் அதில் வயதுவாரியாக இருக்கின்றன.

7. நோட்டுப் புத்தகம்

ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள், எழுதுவது எதற்கு என்று சொல்லுங்கள். நோட்டில் பிள்ளையின் பெயர் வேண்டாம், ஓர் எழுத்து போதும். படம் எடுக்க வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடம், ஒரே நேரத்தில். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் நடந்தது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும்தான் எழுத வேண்டும்.

கேட்க எளிது. எழுதிப் பாருங்கள். முதல் வாரம் என் நோட்டில் இருந்த சொற்கள் இவை: அடம் பிடித்தான், சேட்டை செய்தாள், வாலு, அழுமூஞ்சி, செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை. பிள்ளையைப் பற்றிப் பேச நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெரும்பாலானவை தீர்ப்புகள். “அடம் பிடித்தான்” என்று எழுதிவிட்டால் அவன் கை என்ன செய்தது, எதைப் பார்த்தான், யாரைக் கூப்பிட்டான் என்பது எதுவும் பக்கத்தில் மிஞ்சாது. பின்னால் நான் சேர்ந்த பாடத்தின் ஆசிரியர் அந்தச் சொற்களை எல்லாம் வட்டமிட்டு, பக்கத்தில் “என்ன பார்த்தீர்கள்?” என்று மட்டும் எழுதி அனுப்பினார். பதினான்கு வட்டம்.

அந்த நாள்களில் எங்கள் மையத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன் தினமும் பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன் அழுவான். சோறு வேண்டாம் என்று நடிக்கிறான் என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். ஒன்பது நாள் எழுதினேன். நான்காம் நாள் பக்கம் இப்படி இருந்தது:

“11.40. வெளிக் கேட் திறக்கும் சத்தம். ‘அ’ கையிலிருந்த லாரியைக் கீழே வைத்தான். வாசலைப் பார்த்தான். ஒரு பாட்டி உள்ளே வந்து பேத்தியைக் கூப்பிட்டார். பேத்தி ஓடினாள். ‘அ’ எழுந்து இரண்டு அடி நடந்து நின்றான். கதவு மூடியது. 11.43, அழுகை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். 11.55 வரை.”

ஒன்பது நாளில் இரண்டு நாள் அவன் அழவில்லை. அந்த இரண்டு நாளும் அந்தப் பேத்திக்குக் காய்ச்சல், பாட்டி வரவில்லை. சாப்பாடு எல்லா நாளும் அதே நேரத்தில்தான் வந்தது.

அவன் அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். “எங்க அம்மாதான் டீச்சர் இவன பொறந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டாங்க. மூணு மாசத்துக்கு முன்னால தைப்பிங்குக்குத் திரும்பிப் போய்ட்டாங்க,” என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை அவருக்கு.

பிறகு நாங்கள் செய்தது சின்ன விஷயம். பதினொன்றரைக்கு அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தட்டு எடுத்து வைக்கும் வேலையைக் கொடுத்தோம். தைப்பிங் பாட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை போட்டுக் காட்டினோம். அழுகை அடியோடு நின்றுவிடவில்லை; இரண்டு வாரத்தில் வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்தது. “நடிக்கிறான்” என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவன் பாட்டியைத் தேடிக்கொண்டிருந்தான்.

8. பெரிய பெயர்களைப் படிக்கும் விதம்

பியாஜே, பௌல்பி, எரிக்சன், பண்டூரா என்று பெயர்கள் வரிசையாக வரும். மனப்பாடம் செய்வதோடு விடாமல், முடிந்ததை வீட்டில் செய்து பாருங்கள்.

சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே (1896–1980), இரண்டு முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைக்கு, பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது இன்னும் பிடிபடாது என்றார். என் தங்கை மகளுக்கு ஐந்து வயது. ஒரே மாதிரி இரண்டு கோப்பையில் மைலோ ஊற்றினேன். தண்ணீரைவிட மைலோ நல்லது, மட்டம் தெளிவாகத் தெரியும். குனிந்து கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டு வந்து பார்த்துவிட்டு, “ஒண்ணா இருக்கு பெரியம்மா” என்றாள். அவள் கண் முன்னாலேயே ஒரு கோப்பையை உயரமான ஒடுக்கக் கிளாசில் ஊற்றினேன். “இதுலதான் நெறைய.” ஏன்? “ஒசரமா இருக்கே.” திரும்பக் கோப்பையில் ஊற்றினேன். “இப்ப ஒண்ணு.” மறுபடி கிளாஸ். “இப்ப இதுல நெறைய.” அவள் முகத்தில் குழப்பமே இல்லை. பக்கத்தில் இருந்த எட்டு வயது அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை: “ஐயோ, ஒண்ணுதான்! பெரியம்மா இதுலேர்ந்துதானே அதுல ஊத்துனாங்க!” அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், உயரமான கிளாசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இதைச் செய்த பிறகு பாடத்தின் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால், முதலில் சொன்னது தவறோ என்று பிள்ளை நினைத்துப் பதிலை மாற்றும் என்று 1970-களில் சிலர் சந்தேகப்பட்டார்கள். ஸ்காட்லாந்தில் பெரியவர் கையால் மாற்றுவதற்குப் பதிலாக ஒரு குறும்புக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்தது போல் செய்தபோது, சிறு பிள்ளைகளில் நிறையப் பேர் சரியாகச் சொன்னார்கள். பிள்ளைக்குத் தெரிகிறதா என்பதில் நாம் எப்படிக் கேட்டோம் என்பதும் கலந்திருக்கிறது.

பற்றுறவுப் பாடத்தில் இன்னும் நிதானம் தேவை. மேரி எய்ன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவில் தாய்மாரையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில், அம்மா அறையை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது ஒரு வயதுப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கும் முறையை உருவாக்கினார். அதைப் படித்த வேகத்தில், அம்மாவைப் பார்த்து ஓடி வராத பிள்ளைகளுக்கெல்லாம் “பாதுகாப்பில்லாத பற்றுறவு” என்று பெயர் வைக்கத் தோன்றும். நம் வீடுகளில் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று பிள்ளையைத் தூக்க நாலு கை உண்டு. 8 நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை 1988-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வித்தியாசம்தான் பெரிதாக இருந்தது. கேட்டருகே அரை நிமிடம் பார்த்ததை வைத்து எந்தப் பிள்ளைக்கும் பெயர் சூட்டாதீர்கள்.

மிட்டாய்ப் பரிசோதனையும் அப்படியே. இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் செய்தது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது இன்னும் சுருங்கியது. பசியோடு வருகிற பிள்ளை ஏன் காத்திருக்க வேண்டும் என்று நம் ஊர் ஆசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பயிற்சிக் கட்டுரை எழுதும்போது இப்படி இரண்டு பக்கமும் எழுதினால் மதிப்பெண்ணும் கூடும். யாருடைய கருத்தானாலும் பெயர், ஆண்டு போட்டு எழுதுங்கள்.

9. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

படிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம், பார்க்கும் பிள்ளையெல்லாம் பாடப்புத்தகமாகத் தெரியும். திருமண மண்டபத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து அதன் அம்மாவிடம் “ஆட்டிசமா இருக்குமோ” என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மையத்துப் பிள்ளையைப் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால், நோட்டில் உள்ளதை அப்படியே சொல்லுங்கள். “இந்த மூணு வாரத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்ப பத்துல ரெண்டு தடவைதான்மா திரும்பிப் பாத்தான். கிளினிக்ல ஒரு தடவை காட்டிடுங்க, இந்தக் குறிப்பையும் எடுத்துட்டுப் போங்க.” அவ்வளவுதான். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியருக்கு 1 ரிங்கிட். ஒன்றரை வயதில், ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாளை வைத்து அங்கே பார்ப்பார்கள். தவறவிட்டிருந்தால் கேட்டு வாங்கலாம். தேவைப்பட்டால் டாக்டர் கடிதம் கொடுத்து நிபுணரிடம் அனுப்புவார். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. தேதி போட்ட உங்கள் குறிப்பு டாக்டருக்கு உண்மையிலேயே உதவும். கேட்கும் திறனில் குறையா, பேச்சில் தாமதமா, வேறெதுவுமா என்று பிரித்துப் பார்ப்பது அவர்கள் வேலை.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. பிள்ளைக்கு அடி, கொடுமை, பாலியல் தொந்தரவு நடக்கிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், பராமரிப்பாளர் சமூக நல அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் 15999, இரவும் பகலும் எடுப்பார்கள். நீங்களே விசாரிக்க வேண்டாம், பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கவும் வேண்டாம். பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில், நேரத்தோடு எழுதி வையுங்கள்.

10. அடுத்து எங்கே

குறுகியகாலப் பாடத்தோடு நிற்க மனமில்லாதவர்களுக்கு, வேலையை விடாமல் பட்டம் படிக்க வழி இருக்கிறது. 2000-இல் தொடங்கிய ஓபன் யுனிவர்சிட்டி மலேசியாவில் உளவியல் இளங்கலை உண்டு. பினாங்குக்காரர்களுக்கு ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் வவாசான் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் என்னென்ன படிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்பிஎம்மோடு (ஐந்தாம் படிவத் தேர்வோடு) படிப்பை நிறுத்தி, இருபது வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்பெல் என்ற சொல்லைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொண்டு சேர்க்கும் எம்கியூஏ முறை அது. இளங்கலைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு திறன் தேர்வு எழுத வேண்டும், உங்கள் அனுபவத்தைச் சான்றுகளோடு ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். சேர்ந்த பிறகு, ஏற்கெனவே கற்றதற்குச் சில பாடங்களில் விலக்குக் கேட்கும் இன்னொரு பிரிவும் அதில் உண்டு.

அந்தக் கோப்பில் என்ன வைப்பது என்று தெரியாமல்தான் பலர் பின்வாங்குகிறார்கள். வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ்கள் வையுங்கள். கூடவே, பிள்ளையின் அடையாளம் எதுவும் தெரியாதபடி, நோட்டிலிருந்து நான்கைந்து பக்கங்களைப் படியெடுத்து வையுங்கள். நான் வைத்தது பதினான்கு வட்டம் போட்ட பக்கத்தையும், 11.40-க்குக் கேட் திறந்த பக்கத்தையும். என் கோப்பைப் பார்த்தவர்கள் மற்றத் தாள்களை வேகமாகப் புரட்டினார்கள். அந்த இரண்டு பக்கத்தில் மட்டும் நின்று, அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள்.